முகத்தைப் பார்த்துப் பசு என்று நினைத்தேன்

இடுப்பளவு புல்லுக்குள் அது நின்றுகொண்டிருந்தது. நீண்ட இமை முடி, ஈரமான மூக்கு, கொம்பில்லாத உருண்டைத் தலை. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் கழுத்து முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. என் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ். ஒரு படம் எடுப்பது, இரண்டடி முன்னால் போவது, இன்னொரு படம் எடுப்பது என்று நெருங்கிக்கொண்டே போனேன். நான்கைந்து மீட்டர் தூரம் இருக்கும்போது அது மெதுவாகத் திரும்பி எனக்குப் பக்கவாட்டாக நின்றது. தலையைத் தாழ்த்தி முதுகை வளைத்து, அப்படியே அசையாமல் இருந்தது. முழு உருவமும் சட்டத்துக்குள் வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். மேலும் இரண்டு படம் எடுத்தேன்.

பின்னாலிருந்து மேய்ப்பவரின் குரல் வந்தது. "தம்பி, முதுகைக் காட்டாதீங்க. அதைப் பார்த்துக்கிட்டே பின்னால வாங்க. மெதுவா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஓடியிருப்பேன். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்வரை அவர் எனக்கும் மாட்டுக்கும் சற்றுத் தள்ளி, கையில் தடியோடு நின்றார். மாடு முன்னங்காலால் இரண்டு முறை மண்ணைப் பறித்து முதுகுக்கு மேல் எறிந்தது. அப்புறம் தலையை ஆட்டிவிட்டு மேயப் போய்விட்டது.

"அது பொலிகாளை. கன்னுக்குட்டியிலயே கொம்பைச் சுட்டாச்சு. பசுன்னு நினைச்சீங்களா?"

"ஆமாங்க ஐயா."

"முகத்தை மட்டும் பார்த்தா அப்படித்தான் தெரியும். மாட்டைப் பின்னாலருந்து பாருங்க."

அன்று இரவு அந்தக் கடைசி இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாமே அதில் பதிவாகியிருந்தது. வளைந்த முதுகு, கழுத்தின் மேல் சிலிர்த்து நின்ற முடி, பிதுங்கிய கண். காளை தன் பக்கவாட்டைக் காட்டி நிற்பது எதிரிக்கு "என் அளவைப் பார்" என்று சொல்வது. அடுத்த காளையிடமும் அது இப்படித்தான் நிற்கும். எதிரி விலகாவிட்டால் அடுத்து வருவது முட்டு. நான் அழகான நிற்கும் கோலம் என்று எடுத்தது ஒரு எச்சரிக்கையை. அதற்குப் பிறகு ஒரு மாட்டைப் பார்த்தால் கேமராவை எடுப்பதற்கு முன்னால் அது பசுவா, காளையா, எருதா என்று தெரிந்துகொள்ளாமல் ஓர் அடிகூட வைப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பல மாதங்கள் மேய்ப்பவரான அந்தப் பெரியவரோடு நடந்தேன். அந்த நடையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொம்பு. கொம்பு இருந்தால் காளை, இல்லாவிட்டால் பசு என்பது பலர் மனதிலும் இருக்கும் எண்ணம். என் மனதிலும் இருந்தது. மாட்டினத்தில் பசுவுக்கும் கொம்பு உண்டு, காளைக்கும் உண்டு. ஆங்கஸ் போன்ற இனங்களில் இரண்டுக்குமே பிறப்பிலேயே கொம்பு கிடையாது, மோழைதான். கொம்பு உள்ள இனத்திலும் கன்றாக இருக்கும்போதே குருத்தைச் சுட்டுவிடுவது நடக்கும். ஆக, கொம்பு இருக்கிறதா இல்லையா என்பது ஆண் பெண்ணைப் பற்றி எதுவுமே சொல்லாது. கொம்பின் வடிவம் கொஞ்சம் சொல்லும். ஒரே இனத்துக்குள் காளையின் கொம்பு அடியில் தடித்துக் குட்டையாக இருக்கும், பசுவினுடையது மெல்லிசாக இருக்கும். ஆனால் அது பத்து மாடுகளை அருகருகே பார்த்துப் பழகியவர் கண்ணுக்குத்தான் பிடிபடும். இன்னொன்று: பசுவின் கொம்படியில் வளையங்கள் தெரியும். ஒவ்வொரு ஈற்றிலும் உடம்பு வாடுவதால் ஒரு வளையம் விழும் என்று வளர்ப்பவர்கள் எண்ணுவார்கள். கணக்கு துல்லியமாக இராது, ஆனால் மேக்ரோ லென்ஸில் அந்த வளையங்களைப் போல் அழகான பொருள் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

அடுத்தது மடி. கறவைப் பசுவுக்குப் பிரச்சினையே இல்லை. நான்கு காம்புகளோடு மடி பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கும். சிக்கல் கிடாரியிடம்தான். இன்னும் ஈனாத கிடாரிக்கு மடி கண்ணுக்கே தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் அடிவயிறு வெறுமையாக இருக்கும், உடனே "மடி இல்லை, அதனால் காளை" என்று முடிவு கட்டிவிடுவோம். அதே போலக் காளைக்கும் விதைப்பைக்கு முன்னால் சின்னஞ்சிறு காம்புகள் உண்டு. அதை மட்டும் நெருக்கமாகப் படம் பிடித்துவிட்டுப் பசு என்று எழுதிவிடவும் முடியும். மடியைத் தேடுவதைவிட, வேறு இரண்டு இடங்களைப் பார்ப்பது நல்லது.

ஒன்று, வாலுக்குக் கீழே. இதுதான் அந்தப் பெரியவர் சொன்ன "பின்னாலருந்து". மாடு வாலை விசிறிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். பெண்ணுக்கு ஆசனவாய்க்குக் கீழே பிறப்புறுப்பு, ஆக இரண்டு திறப்பு. அதன் கீழ்நுனியில் சின்ன முடிக்கொத்து இருக்கும். ஆணுக்கு ஆசனவாய் மட்டும்தான், அதற்குக் கீழே மழமழவென்று தோல் ஓடி விதைப்பைக்குப் போகும். கன்று, கிடாரி, கிழப்பசு எதுவானாலும் இது மாறாது. மடி, கொம்பு, உடல் அளவு எல்லாம் ஏமாற்றலாம், இது ஏமாற்றாது.

இரண்டாவது, வயிற்றின் நடுப்பகுதி. ஆணின் குறி உறை தொப்புளை ஒட்டி அடிவயிற்றில் இருக்கும், நுனியில் ஒரு முடிக்கற்றை தொங்கும். பிறந்த அன்றைய காளைக்கன்றிலும் அந்த முடி தெரியும். பக்கவாட்டில் நின்று லென்ஸ் வழியே பார்க்க இது வசதியான அடையாளம். ஆனால் திமில் உள்ள இனங்களில் ஒரு எச்சரிக்கை: அவற்றின் பசுக்களுக்கும் தொப்புள் தோல் தளர்ந்து மடிப்பாகத் தொங்கும். நான் ஒரு நல்ல கறவையை அந்த மடிப்பை வைத்துக் காளை என்று குறித்து வைத்திருந்தேன். இப்படிச் சந்தேகம் வந்தால் சிறுநீர் கழிக்கும்வரை காத்திருங்கள். பசு வாலைத் தூக்கி முதுகை வளைத்துப் பின்பக்கமாகக் கழிக்கும். காளைக்கு வயிற்றுக்கு நடுவிலிருந்து நேராகக் கீழே விழும், நடந்துகொண்டேகூடக் கழிக்கும். முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைச்சரிவிலும் தொலைநோக்கி இருந்தால் இது தெரிந்துவிடும்.

எருதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் கீழே "காளை" என்று எழுதப்படுவதில் நிறைய எருதுதான். காயடித்த ஆண் அது. உறை இருக்கும், முடிக்கற்றை இருக்கும், விதைப்பை சுருங்கியோ இல்லாமலோ இருக்கும். சிறுவயதிலேயே காயடித்தால் எலும்பு வளர்ச்சி நிற்பது தள்ளிப்போவதால், எருது காளையைவிட உயரமாகவும் கால் நீண்டும் வளரும். கொம்பும் நீண்டு மெலிந்து போகும். காளைக்குள்ள தடித்த கழுத்தும் அகன்ற நெற்றியும் அதற்கு வராது. அதனால்தான் தூரத்தில் பார்க்கும்போது "எவ்வளவு பெரிய கொம்பு, பயங்கரமான காளை" என்று தோன்றும் மாடு பெரும்பாலும் சாதுவான எருதாக இருக்கும். பக்கத்தில் குட்டைக் கொம்போடு, கழுத்துத் தசை புடைத்து நிற்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

உடல்வாகும் உதவும். பசு முன்னால் ஒடுங்கிப் பின்னால் அகன்ற ஆப்பு வடிவம். இடுப்பெலும்பு துருத்தித் தெரியும். காளைக்கு எடை முழுவதும் முன்னால், தோளிலும் கழுத்திலும். திமில் உள்ள இனங்களில் காளையின் திமில் பசுவினுடையதைவிடப் பல மடங்கு. சில இனங்களில் நிறமே சொல்லிவிடும். காங்கேயம் மாடு பிறக்கும்போது செந்நிறம், சில மாதங்களில் சாம்பலாகும். வளர்ந்த காளையில் திமில், தோள், பின்தொடைப் பகுதிகள் கருத்துவிடும். பசுவும் எருதும் வெளுத்தே இருக்கும். எடை வித்தியாசமும் சாதாரணமல்ல. ஹோல்ஸ்டீன் பசு 650 முதல் 700 கிலோ இருந்தால், அதே இனத்தின் வளர்ந்த காளை 1,000 கிலோவைத் தாண்டும்.

நடத்தையை வைத்து முடிவு செய்யப் போய் நான் ஏமாந்தது ஒரு முறை. ஒரு மாடு இன்னொன்றின் மேல் ஏறியது. நல்ல தருணம் என்று தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து, மேலே இருப்பது காளை என்று குறித்துக்கொண்டேன். பெரியவரிடம் காட்டியபோது அவர் படத்தை விட்டுவிட்டு, "கீழ நின்னது எது? நகராம நின்னுச்சா?" என்று கேட்டார். இரண்டுமே பசு. சினைப்பருவத்தில் இருக்கும் பசுவின் மேல் மற்றப் பசுக்கள் ஏறும். கீழே அசையாமல் நின்று கொடுப்பதுதான் பருவத்தில் இருப்பது. 21 நாளுக்கு ஒரு முறை, சில மணி நேரமே நீடிக்கும் அந்த அறிகுறியை மாடு வைத்திருப்பவர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். அந்தப் படத்தின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அவர் போய்விட்டார். எனக்கு வெறும் படமாக இருந்தது அவருக்குத் தகவல்.

சரி, பசு என்று தெரிந்துவிட்டது. அதனால் நேராக நடந்து போய்விடலாமா? கூடாது. எப்படிப் போக வேண்டும் என்பதற்கு மாட்டின் கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் 300 டிகிரிக்கும் மேலாக அதற்குப் பார்வை உண்டு. ஆனால் நேர் பின்னால் ஒன்றும் தெரியாது, இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்ப்பது முன்னால் சிறிய பகுதியைத்தான். தரையில் கிடக்கும் பையோ நிழலோ எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் என்று அறிய அது தலையைத் தாழ்த்திப் பார்த்தாக வேண்டும். சிவப்புத் துணி அதை வெறி கொள்ள வைக்காது. சிவப்பைத் தனி நிறமாகப் பிரித்துப் பார்க்கும் அணுக்கள் அதன் கண்ணில் இல்லை. துணி அசைவதுதான் அதைத் தூண்டுவது. அதனால் சட்டை நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல், தொங்கி ஆடும் கேமரா பட்டையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

கால்நடை நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் விளக்கமாக எழுதியிருக்கும் ஒரு கருத்து எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. அதற்கு வெளியே நீங்கள் நின்றால் அது திரும்பி உங்களைப் பார்க்கும்; உள்ளே கால் வைத்தால் விலகிப் போகும். தினமும் கறக்கப்படும் மாட்டுக்கு அந்த வட்டம் அநேகமாக இல்லை. மேய்ச்சலில் வளர்ந்ததற்குப் பல மீட்டர் இருக்கும். தோள்தான் அதன் சமநிலைப் புள்ளி. தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் மாடு முன்னால் நடக்கும், முன்னாலிருந்து நெருங்கினால் பின்வாங்கும். படம் எடுப்பவருக்கு வேண்டியது அந்த வட்டத்தின் விளிம்பு. அங்கே நின்றால் காது இரண்டும் உங்கள் பக்கம் திரும்பும், கண் விரியும், தலை நிமிரும். அதைவிட ஓரடி முன்னால் போனால் கிடைப்பது முதுகுதான்.

நானாக நெருங்குவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வேலிக்கு வெளியே, அல்லது காளை இல்லாத, கன்று இல்லாத கூட்டம் என்று உடையவர் உறுதி சொன்ன இடத்தில், சும்மா உட்கார்ந்துவிடுவது. மாடுகள் ஆர்வம் மிகுந்தவை, அதிலும் கிடாரிகள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒன்று வரும், அதன் பின்னால் மற்றவை. மூக்கை நீட்டி மூச்சை இழுக்கும். அந்த மூக்கின் வரிகளைப் படம் எடுங்கள். மனிதக் கைரேகை போல ஒவ்வொரு மாட்டுக்கும் அவை வேறு. 1920களிலிருந்தே மாட்டை அடையாளம் காண மூக்கு ரேகையை எடுத்து வருகிறார்கள். நாக்கு லென்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரம் போல இருக்கும். முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டிவிட்டால் நிம்மதி.

கன்றுள்ள பசுவை நான் காளைக்குச் சமமாகவே வைத்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் கையை நக்கும் பசு, ஈன்ற சில நாட்களுக்கு வேறு ஆளாகிவிடும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். கூட வந்த நாயைத் துரத்திக்கொண்டு மாடு வந்தால், கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும். காளை விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால் இனத்துக் காளைகள் இறைச்சி இனத்துக் காளைகளைவிட ஆபத்தானவை என்பது வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தனியாக, மனிதக் கையால் பாலூட்டி வளர்ந்த காளை மனிதனைத் தன் கூட்டத்தில் ஒருவனாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வளர்ந்தபின் அவனிடமே பலம் பார்க்கிறது. "குட்டியிலருந்து நான் வளர்த்தது, ஒண்ணும் செய்யாது" என்று யாராவது சொன்னால், நான் வேலிக்கு வெளியே நின்று 200 மி.மீ. லென்ஸைத்தான் எடுப்பேன்.

அப்புறம் கேமரா. இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகல லென்ஸோடு கிட்டே போனால் மூக்கு பூசணிக்காய் போலப் பெருத்துக் கண் சிறுத்துவிடும். வேடிக்கைப் படத்துக்கு அது சரி, மாட்டின் முகத்துக்கு அது நியாயமில்லை. 85 முதல் 200 மி.மீ. வரை முகம் முகமாக வரும், நீங்களும் தள்ளியே இருப்பீர்கள். மாட்டின் முகம் நீளம், லென்ஸின் துளையை எஃப் 2.8 என்று அகலத் திறந்து கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் மூக்கு கரைந்துவிடும், மூக்குக்கு வைத்தால் கண் போய்விடும். துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், கண் கூர்மையாக இருந்தால் மற்றதைப் பார்ப்பவர் மன்னிப்பார். ஈ மொய்க்கும்போது தலை வெடுக்கென்று ஆடும், அதனால் ஷட்டர் 1/500க்குக் கீழே வேண்டாம். கறுப்பு மாட்டைக் கேமரா தானாகச் சாம்பலாக்கிவிடும், ஒளியளவை ஒரு படி குறையுங்கள். வெள்ளை மாட்டுக்கு ஒரு படி கூட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் இருட்டில் கண் பச்சையும் நீலமுமாக எரியும், மாடும் மிரளும். ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள், நமக்குக் கேட்காத மெல்லிய உயர்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும்.

நேரம் என்று கேட்டால், அசை போடும் நேரம். ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் மாடு அசை போடுகிறது, பெரும்பாலும் படுத்துக்கொண்டு. தொண்டையில் ஒரு கவளம் மேலே வருவது கண்ணுக்கே தெரியும். வாய் பக்கவாட்டில் சுழலும், கண் பாதி மூடும். அதுதான் நெருக்கப் படத்துக்கான பொழுது. படுத்திருப்பது எழப் போகிறதென்றால் அதையும் முன்கூட்டியே அறியலாம்: மாடு முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், ஒரு கணம் முன்னங்கால் மண்டியிட்டபடி இருக்கும், அப்புறம்தான் முன்பக்கம். அந்த ஒரு கணம் நல்ல படம். படுத்திருப்பது காளையாக இருந்தால், நீங்கள் பின்வாங்க வேண்டிய நேரமும் அதுவே.

இப்போது என் மெமரி கார்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் முதல் படம் அதன் பின்புறம், இரண்டாவது அடிவயிறு, மூன்றாவதிலிருந்துதான் முகம். யாருக்கும் காட்டாத அந்த முதல் இரண்டும் என் குறிப்பேடு.

கொம்பு சுட்ட அந்தப் பொலிகாளையை ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்தேன், இந்த முறை வேலிக்கு வெளியே, 300 மி.மீ. லென்ஸில். அதே இமை முடி, அதே ஈர மூக்கு. ஆனால் இப்போது நெற்றியின் அகலமும், கன்னத்துக்குப் பின்னால் தொடங்கித் திமில்வரை ஏறும் அந்தக் கழுத்தும் எனக்குத் தெரிந்தன. அவற்றைத்தான் படத்தில் வைத்தேன். பெரியவரிடம் அச்சிட்டுக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, தம்பி," என்றார்.